ரத்தம் நோகாத பம்ப்

இதய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் மனதில் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கும். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னைப் போன்றவர்களிடம் வந்து கேட்பார்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு வால்வு மாற்ற நாள் குறித்திருந்தார்கள். அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி அதையே கேட்டார். "தம்பி, இதயத்தை நிறுத்திட்டுத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்களாமே. இதயம் நின்னுட்டா உயிர் எப்படி இருக்கும்?"

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். ஆபரேஷன் தியேட்டரில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுவது என் தொழில். அண்ணிக்கு அன்று சொன்னதையும், இரண்டாவது டீ வந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உடம்பு கேட்பது ரத்த ஓட்டத்தை. அந்த ஓட்டத்தை வேறு ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவரை இதயம் சும்மா இருக்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. 5 லிட்டர் என்பது ஒன்றும் பெரிய அளவு இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற சின்ன மோட்டாரே அதைவிடப் பல மடங்கு தள்ளிவிடும். அப்படியிருக்க, மனித இதயத்தின் வேலையை ஒரு இயந்திரம் வெற்றிகரமாகச் செய்து முடிக்க 1950-கள் வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

தள்ள வேண்டியது ரத்தம் என்பதால்தான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 7 அல்லது 8 மைக்ரான் அகலம். தன்னைவிடக் குறுகலான தந்துகிகளுக்குள்ளும் வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். இப்படி ஓடிக்கொண்டே சுமார் 120 நாள் வாழும். ஆனால் நசுக்கினால் தாங்காது. வேகமாக உரசினாலும் கொந்தளிக்க விட்டாலும் அதன் சவ்வு கிழிந்து உள்ளேயிருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். கொட்டியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளியின் சிறுநீர் வந்து சேரும் பிளாஸ்டிக் பையை நாங்கள் அடிக்கடி எட்டிப் பார்ப்போம். அதில் சிவப்பு தெரிந்தால் எங்கோ ரத்தம் அடிபடுகிறது என்று அர்த்தம்.

அது மட்டுமா? ரத்தத்துக்குத் தன் குழாய் எது, அந்நியக் குழாய் எது என்று தெரியும். பிளாஸ்டிக்கைத் தொட்ட மாத்திரத்தில் உறையத் தொடங்கும். ரத்தத்தைத் தள்ளுவது எளிது, அதை நோகாமல் தள்ளுவதுதான் கஷ்டம். இந்தத் துறையில் எழுபது வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் வேலையெல்லாம் அந்தக் கஷ்டத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். நுரையீரலுக்குப் போகும் தமனியை ரத்தக் கட்டி அடைத்திருந்தது. நாடியையும் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே இருந்ததைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. கடைசி நேரத்தில் நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. உப்பிப் போன சிரைகளில் கறுத்து நிற்கும் இந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பத் தமனியில் விட முடிந்தால் இவளைக் காப்பாற்றலாமே என்று கிப்பனுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை அவர் இருபது வருஷத்துக்கு மேல் விடவில்லை. மனைவி மேரி ஆராய்ச்சிக் கூடத்தில் கூடவே நின்றார். சோதனைக்குப் பூனை கிடைக்காத நாட்களில் கிப்பன் மீன் துண்டையும் சாக்குப் பையையும் எடுத்துக்கொண்டு தெருப் பூனைகளைப் பிடிக்கப் போயிருக்கிறார். 1935-ல் ஒரு பூனையின் இதய வேலையையும் நுரையீரல் வேலையையும் அவர்களுடைய இயந்திரம் செய்து காட்டியது. பிறகு ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர்கள் சேர்ந்து பெரிய இயந்திரம் கட்டிக் கொடுத்தார்கள்.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில், இதய மேலறைகளுக்கு நடுவில் ஓட்டையோடு இருந்த 18 வயதுப் பெண்ணுக்கு கிப்பன் ஆபரேஷன் செய்தார். அதில் 26 நிமிடம் அவள் உயிர் முழுக்க முழுக்க அந்த இயந்திரத்தின் கையில் இருந்தது. அவள் பிழைத்தாள், பல பத்தாண்டுகள் வாழ்ந்தாள். அடுத்து வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. கிப்பன் மனமொடிந்து அந்த ஆபரேஷனையே நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் எடுத்துத் தொடர்ந்தார்கள்.

அடுத்த வருஷம், 1954 மார்ச் 26-ல், மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு வேறு வழி தேடினார். குழந்தையின் ரத்தக் குழாய்களைப் பெற்றவரின் ரத்தக் குழாய்களோடு இணைத்தார். அப்பாவோ அம்மாவோ பக்கத்து மேசையில் மயக்கத்தில் படுத்திருப்பார்கள். அவர்களுடைய இதயமும் நுரையீரலும்தான் குழந்தைக்கும் வேலை செய்யும். இடையில் ஒரு சின்ன பம்ப், எடுக்கும் ரத்தமும் கொடுக்கும் ரத்தமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். 45 பேருக்கு இப்படிச் செய்து 28 பேர் பிழைத்து வீடு போனார்கள். ஆனால் ஒரு தாய்க்கு ரத்தத்தில் காற்று ஏறி மூளை பாதிக்கப்பட்டது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் நல்ல உடம்போடு இருந்தவர் ஒருவரும் ஆபத்தில் மாட்டலாம் என்ற நிலை அதிக நாள் நீடிக்கவில்லை. 1955-லேயே ரத்தத்தில் ஆக்சிஜன் சேர்க்கும் நல்ல கருவிகள், அதாவது ஆக்சிஜனேட்டர்கள், வந்துவிட்டன. நம் ஊரில் 1960-களின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இதயத்தைத் திறந்து செய்யும் ஆபரேஷன் நடந்தது.

இனி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருவோம்.

நோயாளியின் வலது மேலறையில் ஒரு தடித்த குழாய் போடுவார்கள். கெட்ட ரத்தம் அதன் வழியாகப் பெரும்பாலும் புவியீர்ப்பிலேயே கீழே இறங்கி, ரிசர்வாயர் என்ற தெளிவான பிளாஸ்டிக் தொட்டியில் வந்து விழும். அங்கிருந்து பம்ப் அதை எடுத்து ஆக்சிஜனேட்டருக்குள் தள்ளும். ஆக்சிஜனேட்டருக்குள் மிக மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். குழலுக்குள் வாயு, வெளியே ரத்தம். இரண்டும் நேராகச் சேராது, குழலின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே போகும், கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். அதோடு சேர்ந்த ஒரு வெப்பமாற்றி ரத்தத்தைக் குளிர்விக்கும் அல்லது சூடாக்கும். வடிகட்டி தாண்டி ரத்தம் பெருந்தமனிக்குள் திரும்பும். நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவுக்கு ஓட்டுவோம்.

பம்பில் பல வருஷமாக ஆட்சி செய்தது ரோலர் பம்ப். அடிப்படை யோசனை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1934-ல் மைக்கேல் டிபேக்கி ரத்தம் ஏற்றுவதற்காக அதைச் சீர்செய்தார், பிறகு அதுவே கிப்பனிடம் போய்ச் சேர்ந்தது. லாட வடிவத்தில் வளைந்த ஒரு பள்ளம், அதற்குள் படுத்திருக்கும் அரை அங்குலக் குழாய், நடுவில் சுழலும் கை, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு உருளை. உருளை குழாயை அழுத்திக்கொண்டே நகரும்போது முன்னால் இருக்கும் ரத்தம் தள்ளப்படுகிறது, பின்னால் குழாய் விரிந்து அடுத்த ரத்தத்தை இழுக்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 45 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று ஓட்டினால் 4 லிட்டர் வந்துவிடும். வால்வு கிடையாது, ரத்தம் படும் உலோகம் கிடையாது. குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த நோயாளிக்குப் புதுக் குழாய் மாட்டலாம். இவ்வளவு எளிமை என்பதால்தான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது.

இதில் கைத்தொழில் நுணுக்கம் ஒன்று உண்டு. உருளை குழாயை எவ்வளவு அழுத்த வேண்டும்? முழுசாக நசுக்கினால் இடுக்கில் மாட்டும் சிவப்பணுக்கள் அரைபடும். குழாயின் உட்புறத்திலிருந்தும் துகள்கள் உதிரும். தளர விட்டால் ரத்தம் பின்னால் கசிந்து கொந்தளிக்கும், அதிலும் அணுக்கள் உடையும், ஓட்டத்தின் கணக்கும் தப்பும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்பும் இதை நாங்கள் சரிபார்ப்போம். வெளியேறும் குழாயைச் சுமார் 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதில் திரவத்தை நிரப்பி, பம்பை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். திரவ மட்டம் நிமிடத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் அழுத்தம் அதிகம். சரசரவென்று இறங்கினால் குறைவு. இரண்டு உருளைக்கும் தனித்தனியாகப் பார்த்துத் திருகைத் திருப்ப வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான். அந்த ஒரு சென்டிமீட்டருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

மின்சாரம் போனால்? பேட்டரி இருக்கிறது. பேட்டரியும் போனால், இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி தொங்கும். அதை மாட்டிக் கையாலேயே சுற்றலாம். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும்.

இரண்டாவது வகை, சென்ட்ரிஃப்யூகல் பம்ப். கூம்பு வடிவ மூடிக்குள் ஒரு சுழலி நிமிடத்துக்கு 2,000 முதல் 4,000 சுற்று சுழலும். நடுவில் வரும் ரத்தம் ஓரத்துக்கு வீசப்பட்டு வெளியே போகும். மோட்டார் வெளியே இருக்கும், காந்தத்தால்தான் உள்ளே இருப்பதைச் சுற்றும். நம் கிணற்று மோட்டாரும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. அதனால் அண்ணனுக்கு இதைப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. ஃபுட் வால்வு கசிந்து மோட்டாருக்குள் காற்று புகுந்துவிட்டால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. இந்த பம்பும் அப்படியே. காற்று மொத்தமாக உள்ளே வந்தால் பம்ப் வெறுமனே சுற்றும், முன்னே தள்ளாது. நோயாளிக்கு அது பெரிய பாதுகாப்பு. ரோலர் பம்ப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. ரத்தம் வந்தால் ரத்தத்தைத் தள்ளும், காற்று வந்தால் காற்றையும் தள்ளும். ஆனால் கிணற்று மோட்டார் நின்றதும் தண்ணீர் கீழே இறங்குவது போல, சென்ட்ரிஃப்யூகல் பம்ப் நின்றால் நோயாளியின் ரத்தம் பின்னோக்கி வரும். நின்ற கணமே குழாயில் கிளாம்ப் போட வேண்டும். சுற்றின் எண்ணிக்கையை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடவும் முடியாது. எதிரில் இருக்கும் அழுத்தம் கூடினால் அதே வேகத்தில் ஓட்டம் குறைந்துவிடும். தனியாக அளவி மாட்டியே பார்க்க வேண்டும்.

காற்றைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ரிசர்வாயரில் 400 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கிறது, பம்ப் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் குழாய் மடிந்து ரத்தம் வருவது நின்றால், தொட்டி காலியாக 6 விநாடி. அதற்குப் பிறகு பெருந்தமனிக்குக் காற்று போகும், அங்கிருந்து மூளைக்கு. மட்டம் இறங்கினால் கத்தும் சென்சார் உண்டு, குமிழி கண்டால் பம்பை நிறுத்தும் கருவியும் உண்டு. இருந்தாலும் பெர்ஃப்யூஷனிஸ்டின் கண் அந்தத் தொட்டியை விட்டு நகராது. ஆபரேஷன் முடியும்வரை நாங்கள் யாரோடும் கதை பேசுவதில்லை.

உறைவதைத் தடுக்க ஹெப்பாரின் கொடுப்போம். பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் மருந்து இது. சாதாரணமாக 2 நிமிடத்துக்குள் உறைவதைக் காட்டும் ஒரு சோதனை, 480 விநாடியைத் தாண்டினால்தான் பம்பை ஓட்டத் தொடங்குவோம். வேலை முடிந்ததும் புரோட்டமைன் கொடுத்து ஹெப்பாரினை முறிப்போம்.

அண்ணியின் அடுத்த கேள்வி இன்னும் நேராக வந்தது. "நிறுத்தின இதயம் திரும்ப ஓடலைன்னா என்னப்பா பண்ணுவீங்க?"

இதயத்தை நிறுத்துவது பொட்டாசியம் கலந்த கரைசல். பெருந்தமனியில் கிளாம்ப் போட்டு, இதயத்துக்குச் சொந்தமான ரத்தக் குழாய்களில் அதைச் செலுத்தினால் சில விநாடிகளில் இதயம் தளர்ந்து அசைவற்று நிற்கும். பெரும்பாலும் குளிர்ந்த கரைசல். துடிக்காத, குளிர்ந்த இதயத்துக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே தேவை. குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுப்போம். தையல் முடிந்து கிளாம்பை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் இதயத் தசைக்குள் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிவிடும். பல இதயங்கள் தானாகவே துடிக்கத் தொடங்கிவிடும். சில, ஒழுங்கில்லாமல் நடுங்கும். அப்போது சின்ன மின் அதிர்ச்சி ஒன்று கொடுப்பார்கள். சிலவற்றுக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி துணைக்கு வரும். இதெல்லாம் நடக்கும்போது பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். துடிக்கத் தொடங்கிய உடனே யாரும் இயந்திரத்தை அணைப்பதில்லை. வரும் குழாயைக் கொஞ்சம் இறுக்கி இதயத்துக்குள் ரத்தம் நிரம்ப விட்டு, 4 லிட்டரை 3 ஆக்கி, 2 ஆக்கி, தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் இறக்குவோம். தாங்கவில்லை என்றால் மறுபடி முழு ஓட்டத்துக்குப் போய் இதயத்துக்கு இன்னும் அரை மணி ஓய்வு கொடுக்கலாம். இதைச் சொன்னபோதுதான் அண்ணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்படியும் தேறாத இதயங்கள் உண்டு. அவற்றுக்காக வேறு பம்புகள் இருக்கின்றன.

மிகப் பழையது பலூன் பம்ப். 1967-ல் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் நியூயார்க்கில் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார். தொடைத் தமனி வழியாக ஏற்றிப் பெருந்தமனிக்குள் வைக்கும் நீளமான பலூன் அது. ஹீலியத்தால் ஊதப்படும். இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் ஊதும், துடிக்கும் நொடிக்குச் சற்று முன்னால் சுருங்கும். கண்டிப்பாகச் சொன்னால் இது ரத்தத்தை இறைக்கும் பம்ப் இல்லை, துடிக்கும் இதயத்துக்குக் கை கொடுப்பது. மாரடைப்பில் அதிர்ச்சி நிலைக்குப் போன 600 பேரை வைத்து நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், 30 நாள் கணக்கில் பலூன் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த நிலையில் அதன் பயன்பாடு குறைந்தது. குறைந்தது சரியென்றே நான் நினைக்கிறேன்.

எக்மோ என்ற பெயர் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதாவுக்கும், 2020-ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் அது பொருத்தப்பட்டபோது வீட்டுக்கு வீடு அதைப் பற்றியே பேச்சு. இருவரும் பிழைக்கவில்லை. அதனால் எக்மோ என்றாலே முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அது நியாயமில்லை. தியேட்டரில் சில மணி நேரம் ஓடும் இயந்திரத்தைச் சுருக்கி, திறந்த தொட்டியை எடுத்துவிட்டு, ஐ.சி.யு.வில் நாள்கணக்காக ஓடும்படி செய்ததுதான் எக்மோ. நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால் சிரையிலிருந்து எடுத்துச் சிரையிலேயே விடுவார்கள். இதயமும் கெட்டிருந்தால் தமனியில் விடுவார்கள். 1975-ல் ராபர்ட் பார்ட்லெட் கலிபோர்னியாவில் மூச்சுத் திணறிய ஒரு பச்சிளங்குழந்தையை இதில் வைத்துக் காப்பாற்றினார். எக்மோ நோயைக் குணப்படுத்தாது. நுரையீரலோ இதயமோ தானாகத் தேறுவதற்கு, அல்லது மாற்று உறுப்பு கிடைப்பதற்கு, நாள் வாங்கிக் கொடுக்கும். அந்த நாட்களில் ரத்தக் கசிவும் தொற்றும் கூடவே வரலாம். தேறும் வாய்ப்புள்ள உறுப்பு எது என்று முதலிலேயே கணிப்பதில்தான் டாக்டரின் திறமை இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கதை இனிமேல்தான் வருகிறது. இதயத்துக்கு நிரந்தரத் துணையாக நெஞ்சுக்குள்ளேயே வைக்கும் பம்புகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துபார்த்தார்கள். இதயம் துடிக்கிறது, ஆகவே பம்பும் துடிக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். சவ்வு விரிந்து சுருங்கும், வால்வுகள் திறந்து மூடும். 2001-ல் வெளியான ஆய்வில் மாற்று இதயத்துக்குத் தகுதியில்லாத, கடைசிக் கட்டத்தில் இருந்த 129 பேரில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 25 சதவீதம். பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அசையும் பாகங்கள் தேய்ந்தன. இரண்டு வருஷத்துக்குள் பல பம்புகள் பழுதாயின.

துடிக்காமல் சுழன்றுகொண்டே இருக்கும் பம்ப் சின்னதாக இருக்கும், தேயாது. ஆனால் அவ்வளவு வேகத்தில் சுற்றினால் சிவப்பணுக்கள் கூழாகிவிடும் என்று நிபுணர்கள் உறுதியாக இருந்தார்கள். 1976-ல் ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர் எகிப்தில் ஒரு கிராமத்தில் ஆர்க்கிமிடீஸ் திருகால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். அந்தத் திருகை ரத்தக் குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாக்கலாமே என்று யோசித்தார். ஹீமோபம்ப் பிறந்தது. நிமிடத்துக்கு 25,000 சுற்று. 1988-ல் ஹூஸ்டனில் ஓ.எச். ஃப்ரேசியர் அதை முதல் நோயாளிக்கு வைத்தார். அணுக்கள் கூழாகவில்லை. சிவப்பணு பம்புக்குள் இருப்பது மிகமிகச் சிறிய நேரம்தான், அந்த நேரத்துக்குள் அது கிழிந்து போவதில்லை என்று தெரிந்தது. இன்று மாரடைப்பு நோயாளிகளுக்குத் தொடை வழியாக ஏற்றும் இம்பெல்லா அதே வழியில் வந்தது. 2024-ல் வெளியான ஆய்வில் அதிர்ச்சி நிலையில் இருந்த, கவனமாகத் தேர்ந்தெடுத்த 355 பேரில், 180 நாளுக்குள் இறந்தவர்கள் இம்பெல்லா வைத்தவர்களில் 45.8 சதவீதம், வைக்காதவர்களில் 58.5 சதவீதம். ரத்தக் கசிவும் சிறுநீரகச் சிக்கலும் கூடியது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

நெஞ்சுக்குள் வைப்பவற்றில் இன்று முன்னணியில் இருப்பது ஹார்ட்மேட் 3. அதன் சுழலி எதையும் தொடாமல் காந்த விசையில் மிதந்துகொண்டு, நிமிடத்துக்கு 5,000, 6,000 சுற்று சுழல்கிறது. தேய பேரிங் இல்லை. சுற்றிலும் இடைவெளி தாராளமாக இருப்பதால் அணுக்கள் நசுங்குவதும் கட்டி தட்டுவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டவர்களில் 5 வருஷம் தாண்டியவர்கள் 58.4 சதவீதம், முந்தைய மாடலில் 43.7 சதவீதம். வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒரு கேபிள், இடுப்பில் கட்டுப்பாட்டுக் கருவி, தோளில் பேட்டரிகள். ஒரு ஜோடி பேட்டரி அதிகபட்சம் 17 மணி நேரம் வரும். இரவில் சுவர் மின்சாரத்தில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

இவர்களில் பலருக்கு நாடி பிடித்தால் தெரியாது. சாதாரண கருவியில் ரத்த அழுத்தமும் காட்டாது, டாப்ளர் என்ற ஒலி அலைக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, நாடி இல்லாமல் இருப்பார்கள். 2011-ல் ஹூஸ்டனில் 55 வயதான ஒருவரின் இதயத்தையே எடுத்துவிட்டு இரண்டு சுழல் பம்புகளை வைத்தார்கள். ஈ.சி.ஜி. நேர்கோடாக இருந்தது. அவர் கண்விழித்துக் குடும்பத்தோடு பேசினார், ஐந்து வாரம் போல வாழ்ந்தார்.

ஆனாலும் ரத்தம் இன்னும் முழுசாக நோகாமல் இல்லை. அணுக்கள் தப்பித்தாலும், வான் வில்லிபிராண்ட் என்ற நீண்ட இழையான புரதம் பம்பின் உரசலில் துண்டு துண்டாகிறது. ரத்தக் கசிவை அடைக்க உதவும் புரதம் அது. அதனால்தான் இவர்களில் சிலருக்குக் குடலில் ரத்தம் கசிகிறது. சென்னையிலும் இந்தப் பம்புகளைப் பொருத்துகிறார்கள். விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டிலேயே செய்தால்தான் இது சாதாரண மனிதர்களுக்கு வந்து சேரும் என்பது என் உறுதியான கருத்து. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதய வால்வை இங்கேயே உருவாக்கி 1990-லிருந்து நோயாளிகளுக்குப் பொருத்தக் கொடுத்திருக்கிறது. பம்பும் அப்படி வர வேண்டும்.

கடைசியாக, ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்களுக்கு மீன் அலர்ஜி இருந்தால், முன்பு எப்போதாவது ஹெப்பாரின் கொடுத்துத் தட்டணுக்கள் குறைந்திருந்தால், என்.பி.எச். வகை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தால், ஆண்களில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தால், தயங்காமல் முன்னாடியே சொல்லிவிடுங்கள். இவற்றுக்கும் ஹெப்பாரின், புரோட்டமைன் மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கிறது. புரோட்டமைன் ஆதியில் சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்பட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதன் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நாளையும் எழுதிக் கொண்டுபோங்கள். உயரமும் எடையும் சரியாகச் சொல்லுங்கள், பம்பின் ஓட்டத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். சர்ஜனையும் மயக்க டாக்டரையும் பார்ப்பீர்கள். பம்பை ஓட்டப் போகிறவரையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே வார்டில் கேளுங்கள்.